ஒன்பது வீண் பூமி

குடத்துச் சாமி மடம் என்று பெயர்தான் பெரிது. ஒரு கிணறு, ஒரு சமாதி, தகரம் வேய்ந்த ஒரு கூடம், அவ்வளவே. அரியந்தாங்கல் கடைத்தெருவைத் தாண்டி மேற்கே ஒன்றரை மைல் நடந்தால் வந்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தனகோட்டி அம்மாள். கோடி பெயரில் இருந்ததே ஒழிய, கையில் இருந்தது ராட்டினக் கயிறுதான். பால் சொசைட்டியில் பால் அளந்துகொண்டிருந்தவர், ஒருநாள் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து, வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்ற ஆரம்பித்தார். வயது நாற்பத்து நான்கு.

சீடர் ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தெட்டு. குருவை விடச் சீடருக்குப் பதினான்கு வயது கூட. கடைத்தெருவில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஏகாம்பரம் கண்டுகொள்ள மாட்டார். மனைவி இறந்த மறுமாதம் எங்கே போவது என்று தெரியாமல் நடந்து வந்து, இந்தக் கிணற்றடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதவர் அவர். தனகோட்டி அம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஆறு வருஷமாக ஏகாம்பரம் வந்துகொண்டே இருக்கிறார்.

சர்வே இலாகாவில் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர் அவர். ஊருக்கு பைபாஸ் ரோடு வரப்போகிறது என்றதும், அதனால் எந்த மரம் போகும், எந்த வாய்க்கால் அடைபடும், யார் வீடு போகும் என்று பார்த்து அறிக்கை எழுத ஒரு கம்பெனி வந்தது. ஊரை அறிந்த ஆள் வேண்டும் என்று அவரை வைத்துக்கொண்டது. வீடு வீடாகப் போய் விசாரித்துப் படிவத்தில் எழுதுவது அவர் வேலை.

பங்குனி மாதம், ஒரு மத்தியானம், வாழைப்பழச் சீப்பும் கற்பூரமுமாக மடத்துக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, மடம் தப்பிச்சிடுச்சு."

"எதுலேர்ந்து?"

"பைபாஸ்லேர்ந்து. மொதல்ல போட்ட கோடு நம்ம கிணத்து மேலயே போச்சு. சாமி சமாதி நடு ரோட்டுல. நான் உங்ககிட்ட மூச்சு விடல. சொன்னா வருத்தப்படுவீங்க."

"இப்ப கோடு எங்க போகுது?"

"தெக்கால தள்ளிட்டாங்க. ஏரிக்கரைக்குப் பின்னாடி. வெறும் காலி எடம். ஒரு குடும்பம்கூட வெளியேற வேண்டாம்னு அறிக்கையிலயே போட்டிருக்கு."

"யார் பாத்து எழுதினது?"

"நான்தாம்மா." அதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

தனகோட்டி அம்மாள் கயிற்றைச் சுருட்டி வைத்தார்.

"போய்ப் பாத்துட்டு வரலாமா?"

"இந்த வெயில்லயா?"

"ரோடும் வெயில்லதானே கெடக்கப் போகுது. வாங்க."

ஏரிக்கரை ஏறி இறங்கும் வரை ஏகாம்பரம் பேசிக்கொண்டே வந்தார். இறங்கியதும் பேச்சு குறைந்தது. அங்கே வேலிக்காத்தான் புதருக்கு நடுவில் ஒன்பது வீடுகள். மண் சுவர், பனையோலைக் கூரை. ஓலை இந்த வருஷம் மாற்றியது, இன்னும் பழுப்பு ஏறவில்லை. வாசல்கள் சாணம் மெழுகிக் கிடந்தன. கூரை இறவாணத்தில் விளக்குமாறு செருகியிருந்தது. எல்லாக் கதவிலும் பூட்டு.

தனகோட்டி அம்மாள் முதல் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வீட்ல யாரு?"

பதில் இல்லை. அவர் நகரவில்லை. உள்ளே கைவேலையாக இருக்கும் ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் நின்றார். பிறகு இரண்டாவது வாசலுக்குப் போனார்.

"வீட்ல யாரு?"

"ஆளில்லம்மா," என்றார் ஏகாம்பரம்.

அம்மாள் காத்திருந்தார். பிறகு மூன்றாவது வாசல்.

நான்காவது வாசலில் ஏகாம்பரத்துக்குப் பொறுமை போய்விட்டது. "பூட்டுத் தொங்குதேம்மா. நான் மூணு தடவை வந்து பாத்தேன். மூணு தடவையும் இதே பூட்டுதான்."

"என்ன எழுதினீங்க?"

"வீ.பூ.ன்னு."

"அப்படின்னா?"

"வீடு பூட்டு. எங்க ஆளுங்க எழுதற சுருக்கு. படிவத்துல எடம் பத்தாது."

ஐந்தாவது வாசல். "வீட்ல யாரு?" நின்றார். நகர்ந்தார்.

"அறிக்கையிலயும் வீ.பூ.ன்னுதான் இருக்கா?"

ஏகாம்பரம் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஆறாவது வாசலில் அம்மாள் குரல் கொடுக்கவில்லை. கதவைப் பார்த்தபடி நின்றார். இந்த முறை காத்திருப்பது தனக்காக என்று ஏகாம்பரத்துக்குப் புரிந்தது.

"இல்லம்மா."

"வேற என்ன இருக்கு?"

"மெட்ராஸ் ஆபீஸ்ல ஒரு பொண்ணு டைப் அடிச்சது. அதுக்கு எங்க சுருக்கு தெரியாது. நெலத்தப் பத்தின படிவம்தானேன்னு அதுவா ஒண்ணப் போட்டுடுச்சு."

"என்னன்னு?"

"வீண் பூமின்னு."

எங்கிருந்தோ ஒரு கோழி கொக்கரித்தது.

"ஒன்பது தடவையுமா?"

"ஒன்பது தடவையும்."

"உங்ககிட்ட காட்டாமயே அனுப்பிட்டாங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பெண்ணின் தலையில் பழியைப் போட்டுவிட்டு இவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். அம்மாளும் அதற்கு மேல் கேட்டிருக்க மாட்டார். ஏகாம்பரத்துக்கு அந்தச் சொல் நாக்கு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"காட்டினாங்க. பிழை பாக்கறதுக்குத்தான் குடுத்தாங்க. செவப்புப் பேனா எடுத்து உக்காந்தேன். மத்த எல்லாத்தயும் திருத்தினேன். புளிய மரத்த புலிய மரம்னு அடிச்சிருந்துச்சு அந்தப் பொண்ணு. அதக்கூடத் திருத்தினேன்."

"இத?"

"பேனா அது மேல நின்னுச்சும்மா. ரொம்ப நேரம் நின்னுச்சு. கிணத்த நெனச்சேன். பக்கத்தத் திருப்பிட்டேன்."

அம்மாள் ஏழாவது வாசலுக்குப் போனார். எட்டாவது. ஒன்பதாவது வாசலில் "வீட்ல யாரு?" என்றதும் வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரும் இல்லீங்களே!"

கம்பு ஊன்றியபடி ஓர் ஆள் வந்தான். முப்பத்தைந்து வயசு இருக்கும். வலது பாதத்தில் பழந்துணி சுற்றியிருந்தது. கன்னியப்பன் என்று பேர் சொன்னான். இருளர் குடும்பங்கள், எல்லோரும் செங்கல் சூளைக்குப் போயிருக்கிறார்கள் என்றான்.

"தை பொறந்ததும் வேன் வந்துரும்மா. ஒன்பது வீட்டு ஆளுங்களும் ஏறிடுவோம். போன வருசம் என் கால்ல கல்லு சரிஞ்சிருச்சு. அதனால இந்தத் தடவ என்ன வேணான்னுட்டாங்க. வீட்டப் பாத்துக்கடான்னு மச்சான் உட்டுட்டுப் போயிட்டாரு. சாவியெல்லாம் அவங்ககிட்ட, நான் பின்னால ஓலைச் சாய்ப்புல படுத்துக்கறேன். நான்தான் தெனமும் பெருக்கி, கோழிக்குத் தீனி போட்டு, வாரத்துக்கு ஒருக்கா வாசல் மெழுகறேன்."

"எப்ப திரும்பி வருவாங்க?"

"ஆனியில மழை விழுந்தா சூளைய மூடிடுவாங்க. வந்துடுவாங்க."

"இங்க யாராச்சும் வந்து விசாரிச்சாங்களாப்பா?"

"வந்தாங்களே. இந்த சார்தான்." ஏகாம்பரத்தைப் பார்த்து அவன் சிரித்தான். தெரிந்த முகத்தைக் கண்ட சந்தோஷம் அதில் இருந்தது. "மூணு தடவ வந்தாரு. வெயில்ல வந்தாரேன்னு தண்ணி மோந்து குடுத்தேன். வீட்டுல ஆளுங்க இருக்காங்களான்னு கேட்டாரு. ஒன்பது வீட்டுலயும் யாரும் இல்ல சார்னேன். எழுதிக்கினாரு."

"எப்ப வருவாங்கன்னு கேட்டாரா?"

"கேக்கலியே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ஏகாம்பரத்துக்குத் தலை நிமிரவில்லை. திரும்பி நடந்தார்கள். மடத்து வாசல் வந்ததும் ஏகாம்பரம் நின்றார்.

"வியாழக்கிழமை கருத்துக் கேக்கற கூட்டம் இருக்கு. அங்க நான் சொல்லிடலாம். ஆனா சொன்னா, ரோடு திரும்ப இந்தப் பக்கம் வரும்மா. கிணறு போயிடும். சாமி போயிடுவாரு."

"எத்தன மணிக்குக் கூட்டம்?"

"பத்து மணிக்கு."

"நானும் வரேன்."

நடுவில் இருந்த மூன்று நாளும் ஏகாம்பரம் சூளையைத் தேடினார். கன்னியப்பனுக்கு ஊர் பெயர் தெரியவில்லை. வேன் காலையில் கிளம்பினால் சாயங்காலம் போய்ச் சேரும், ரயில் கேட் ஒன்று தாண்டும், பக்கத்தில் பெரிய ஆலமரம் இருக்கும். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. மச்சான் வைத்திருந்த செல்போன் அணைத்தே கிடந்தது.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஊர் திரண்டு வந்திருந்தது. ஊரையும் குற்றம் சொல்ல முடியாது. போன ஆடியில், கடைத்தெருவில் காய்கறி வாங்க நின்ற சத்துணவு டீச்சர் மேல் மணல் லாரி ஏறிவிட்டது. அவர் புருஷன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பைபாஸ் வேண்டும் என்று அவர் சொன்னபோது குரல் உடைந்தது. மண்டபமே கலங்கியது. ஏகாம்பரமும் கலங்கினார்.

அப்புறம் எழுந்து நின்று, ஏரிக்கரைக்குப் பின்னால் ஒன்பது வீடுகள் இருக்கின்றன, வீண் பூமி என்பது டைப் அடித்ததில் வந்த தப்பு, அதைத் தெரிந்தே திருத்தாமல் விட்டது நான், என்று சொன்னார். முழுவதையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

மேடையில் இருந்த அதிகாரி கம்பெனிக்காரரைப் பார்த்தார். கம்பெனிக்காரர் கூரையைப் பார்த்தார்.

"அந்த வீட்டு ஆட்கள் வந்திருக்காங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

கன்னியப்பன் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தான். அவனை உள்ளே கூப்பிட்டார்கள்.

"உன் வீட்டுக்குப் பட்டா இருக்கா?"

"இல்லீங்க சார்."

"மத்தவங்களுக்கு?"

"யாருக்கும் இல்லீங்க."

"மத்தவங்க எல்லாம் எங்க?"

"இங்க இல்லீங்க சார்."

"வீட்டுல இப்ப யார் இருக்கா?"

"யாரும் இல்லீங்க."

கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னான் பாவம். அதிகாரி எழுதிக்கொண்டார்.

"அப்போ ரோடு எங்கதான் சார் போகணும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் ஏகாம்பரத்தைப் பார்த்துக் கத்தினார். "இன்னும் நாலு பேர் லாரியில அடிபட்டுச் சாகணுமா?"

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். என் அம்மாவின் கிணற்று மேல் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். அதுதான் வரவில்லை.

தனகோட்டி அம்மாள் எழுந்தார்.

"எங்க மடத்து மேல போடுங்க. மொதல்ல போட்ட கோடு அதுதான். கிணத்தத் தூத்துடுங்க. சமாதிய எடுத்துடுங்க. பாத்துக்கறவ நான். எனக்கு ஆட்சேபம் இல்ல. அந்த ஒன்பது வீட்ட விட்டுடுங்க."

மண்டபத்தில் ஒரு பெண் "அம்மா!" என்று விம்மினாள். அவ்வளவுதான். எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ, அம்மாள் காலில் விழ ஆரம்பித்துவிட்டார்கள். இப்படி ஒரு தியாகியின் இடத்தையா இடிப்பது, எங்கள் பிணத்தின் மேல்தான் ரோடு போடணும் என்று ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்றார். டீச்சரின் புருஷன்கூடக் கைகூப்பினார். மடத்தைத் தொடக்கூடாது என்று ஊரே ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டது.

"நான் சொன்னது அது இல்ல," என்று அம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தார். யாருக்கும் கேட்கவில்லை. ஒன்பது வீடு என்ற பேச்சை அதன் பிறகு அந்த மண்டபத்தில் ஒருவரும் எடுக்கவில்லை. மறுநாள் பேப்பரில் அம்மாளின் படம் வந்தது.

ஏகாம்பரம் மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். முதலிரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு ஒரு வரி வந்தது. ஏரிக்கரைக்குப் பின்னால் போகும் இரண்டாம் தடத்துக்குப் பொதுமக்களிடமிருந்து ஆட்சேபம் எதுவும் பதிவாகவில்லை. கம்பெனி அவரை இனி வர வேண்டாம் என்றுவிட்டது. ஆமையாய் நகரும் காகிதங்கள், எதிர்ப்பே இல்லாத தடம் என்பதால் இந்த முறை பறந்தன.

வைகாசியில் ஜேசிபி வந்தது. கன்னியப்பன் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கினான். சாவிகள் சூளையில் இருந்தன. அவனும் ஏகாம்பரமும் தனகோட்டி அம்மாளும் கதவுகளைப் பூட்டோடு பெயர்த்து, உள்ளே இருந்த அடுக்கு, பானை, பாய், சாமி படம், பள்ளிக்கூடப் புத்தகப் பை எல்லாவற்றையும் வெளியே தூக்கி வந்து புளிய மரத்தடியில் குவித்தார்கள். எது எந்த வீட்டுப் பானை என்று கன்னியப்பனுக்கே கடைசியில் குழம்பிப் போயிற்று. வீடுகள் விழ அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மடத்தில் இப்போது தினமும் கூட்டம். தியாகம் செய்த அம்மா என்று வெளியூரிலிருந்தெல்லாம் மாலையோடு வந்தார்கள். அம்மாள் மாலையை வாங்கவில்லை. தண்ணீர் ஊற்றினார், பேசாமல் இருந்தார். அம்மா மௌனத்துக்குப் போய்விட்டார்கள் என்று அதற்கும் ஒரு பெருமை பரவியது. ஏகாம்பரம் ஓரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காப்பாற்றிய கிணறு அது. அதிலிருந்து ஒரு மிடறு குடிக்க அவருக்கு மனசு வரவில்லை.

ஆனி பிறந்து ஒரு வாரத்தில் நல்ல மழை பிடித்தது. நான்காம் நாள் காலை கன்னியப்பன் நொண்டிக்கொண்டே ஏகாம்பரம் வீட்டுக்கு வந்தான்.

"சூளைய மூடிட்டாங்களாம் சார். மச்சான் போன் பண்ணாரு. இன்னைக்கு சாயங்காலம் வந்துடறாங்க."

"வீட்டப் பத்திச் சொன்னியா?"

"சொல்லணும்னுதான் வாயெடுத்தேன். மழையில ஓலை ஒழுவுதாடான்னு கேட்டாரு. அழுகை வந்துருச்சு. கட் பண்ணிட்டேன்."

அன்று பகல் முழுவதும் ஏகாம்பரம் என்ன சொல்வது என்று யோசித்தார். டைப் அடித்த பெண்ணைச் சொல்லலாம். அதிகாரியைச் சொல்லலாம். பட்டா இல்லாததைச் சொல்லலாம். கூட்டத்தில் எழுந்து பேசினேன், மூன்று கடிதம் எழுதினேன் என்றும் சொல்லலாம். எதுவும் பொய் இல்லை. எதைச் சொல்லிப் பார்த்தாலும் வாய் கசந்தது.

அம்மாளைக் கேட்கலாம் என்று மடத்துக்குப் போனார். மாலையும் கையுமாகப் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அம்மாள் காலையிலேயே எங்கோ போய்விட்டாராம்.

ஏகாம்பரத்துக்குத் தெரிந்துவிட்டது. ஏரிக்கரை ஏறி இறங்கினார்.

வீடுகள் இருந்த இடத்தில் செம்மண் கொட்டி உருளை ஓட்டியிருந்தார்கள். மழைத்தண்ணீர் அதன் மேல் தேங்கிக் கிடந்தது. புளிய மரத்தடியில் அந்தப் பானைக் குவியலுக்குப் பக்கத்தில், ஒரு ஜல்லி மேட்டின் மேல் தனகோட்டி அம்மாள் உட்கார்ந்திருந்தார். புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கன்னியப்பன் கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்தான்.

"எழுந்து வாங்கம்மா," என்றார் ஏகாம்பரம். "காய்ச்சல் வந்துடும்."

அம்மாள் அசையவில்லை.

"செஞ்சது நான். நானே நிக்கறேன். திட்டட்டும், அடிக்கட்டும், நான் வாங்கிக்கறேன். உங்களுக்கு இதுல என்னம்மா இருக்கு? நீங்கதான் குடுக்கறேன்னு சொன்னீங்களே, ஊருதானே கேக்கல? நீங்க போங்கம்மா. உங்கள இங்க பாத்தா ஆத்திரத்துல என்ன சொல்லிடுவாங்களோ. என்னால அதக் கேட்டுட்டு நிக்க முடியாது."

தூரத்தில், கரைக்கு அந்தப் பக்கம், ஒரு வேன் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. கன்னியப்பன் எழுந்து நின்றான்.

"எறங்கினதும் மொதல்ல என்ன கேப்பாங்க?" என்றார் அம்மாள்.

"வீடு எங்கன்னு கேப்பாங்க."

"அப்புறம்?"

"யார் இடிச்சதுன்னு கேப்பாங்க."

"அதுக்கு ஆயிரம் பேரச் சொல்லலாம். அதுக்கப்புறம்?"

ஏகாம்பரம் கரையைத் திரும்பிப் பார்த்தார். வேன் கரையேறிவிட்டது. உள்ளேயிருந்து குழந்தைகள் கத்தும் சத்தம் கேட்டது. ஊர் வந்துவிட்ட சந்தோஷத்தில் கத்தின.

"யாருக்காக இடிச்சீங்கன்னு கேப்பாங்க," என்றார் தனகோட்டி அம்மாள். "அப்ப நீங்க கை காட்டணும். காட்டறதுக்கு நான் இங்க இருக்க வேணாமா?"